யாருடைய நம்பர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட வேகம். ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவுக் கவுண்டரில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். என் முன்னால் வரிசை நீண்டு யாரும் பார்த்ததில்லை என்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. வீட்டில் தெலுங்கு, படித்தது தமிழ், கவுண்டரில் கற்றுக்கொண்டது கன்னடம். வேப்பனப்பள்ளியில் பிறந்தவளுக்கு இது ஒரு சாதனையே இல்லை. மேனேஜர் வெளியூர்க்காரர் என்பதால் வாயைப் பிளந்து பார்ப்பார். பேரைத் தமிழில் கேட்டு, ஊரைக் கன்னடத்தில் கேட்டு, வலி எங்கே என்று தெலுங்கில் கேட்டு முடிப்பதற்குள் பதிவுச் சீட்டு பிரிண்டரிலிருந்து வெளியே வந்துவிடும். அந்த வேகம் ஒரு பெண்ணுக்கு என்ன செய்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தொழிற்பேட்டையிலிருந்து நேராக வருகிறவர்கள். லைனில் நிற்கும்போது மயக்கம், விரலில் வெட்டு, கண்ணில் தூசி. கம்பெனி வேனில் ஏற்றிவிட்டு சூப்பர்வைசர் கூடவே உட்கார்ந்து வருவார். அடிபட்டவர் கையில் போன் இருக்காது. இங்கே பல கம்பெனிகளில் கேட்டில் நுழையும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஷிஃப்ட் முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும். பல பேருக்குத் தங்கள் நம்பரே மனப்பாடமாகத் தெரியாது. கம்ப்யூட்டரோ பத்து இலக்கம் போடாமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. ஆள் ஸ்ட்ரெச்சரில் முனகிக்கொண்டிருக்கும்போது நான் நம்பர் நம்பர் என்று பிடிவாதம் பிடிக்க முடியுமா? "சார், உங்க நம்பரைச் சொல்லுங்க" என்று கூட வந்தவரிடம் கேட்டுப் போட்டுவிடுவேன். அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த பெண்களுக்கும் நானே அதைச் சொல்லிக்கொடுத்தேன். கூட்டிக்கொண்டு வந்தவர் நம்பரைப் போடு, மேலே போ.

இதற்கிடையில் ஒவ்வொருவருக்கும் ஒரு சுகாதார அடையாள எண் போடச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த எண்ணை வைத்து ஒரு மருத்துவத் தகவல் பரிமாற்றத் தளம் இயங்கும். ஒருவர் கிருஷ்ணகிரியில் எடுத்த எக்ஸ்ரேயை, அவர் சம்மதம் கொடுத்தால், ஓசூரில் இருக்கிற டாக்டர் பார்க்கலாம். நல்ல விஷயம்தான். மேனேஜருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு கம்பெனியின் கேன்டீனிலேயே முகாம் போட ஏற்பாடு செய்துவிட்டார்.

அந்த முகாமை நடத்தியவள் நான்தான். கைரேகை வைக்கிற கருவி ஒன்று, லேப்டாப் ஒன்று. கைரேகை வைத்ததும் தொடர்புக்கு ஒரு நம்பர் கேட்கும், அந்த நம்பருக்கு ஓடிபி போகும். தொழிலாளிகளின் போன்கள் எல்லாம் கேட்டில் லாக்கருக்குள் கிடந்தன. வண்டிகளுக்கு வயர் கட்டுகிற வயர் லைனின் சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், பொறுமைசாலி. அவர் நம்பரையே எல்லோருக்கும் போட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, ரேஷன் கடையில் டோக்கன் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொரு ஓடிபியாகப் படித்தார். மாலை டீ வருவதற்குள் ஒரு ஷிஃப்ட் முழுவதையும் முடித்துவிட்டேன். மேனேஜர் எல்லோர் முன்னாலும் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார். அது இப்போதும் பீரோவில் இருக்கிறது. துணி எடுக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டு எரிச்சலைக் கிளப்புகிறது.

அதற்குப் பிறகு அந்த லைனிலிருந்து யார் வந்தாலும், பழைய ரிப்போர்ட் பார்க்கச் சம்மதம் தேவைப்பட்டால், நான் அவருக்குத்தான் போன் போடுவேன். "சார், ஒண்ணு வந்திருக்கும் பாருங்க, ஓகே குடுத்துடுங்க." கொடுத்துவிடுவார். கொஞ்ச நாளில் நான் கூப்பிடவே தேவையில்லாமல் போனது. எங்களிடமிருந்து எது வந்தாலும் அழுத்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். அவருக்கு அதைப் பழக்கியதும் நான்தான்.

போன வருடம் ஏஐ ஏஜென்ட் வந்தது. பெங்களூரிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் அதை எங்கள் கம்ப்யூட்டரோடும் பரிமாற்றத் தளத்தோடும் இணைக்க வந்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். மூன்று நாள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நோயாளியின் பேரை நான் பதிந்ததும் அந்த ஏஜென்ட் தானாகவே தளத்துக்குப் போகும், சம்மதம் கேட்கும், எந்தெந்த மருத்துவமனையில் என்னென்ன காகிதம் இருக்கிறதோ அத்தனையும் படித்து டாக்டருக்கு ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுக்கும். நோயாளிக்கும் தமிழில் ஒரு செய்தி அனுப்பும். நாங்கள் அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்தோம். எல்லாக் காகிதமும் சரியாக இருந்தால் உடனே கையெழுத்து, ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடும்.

முதலில் அதைப் பொய் நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். அதற்கென்றே இட்டுக்கட்டிய பெயர்கள், வயது, வியாதி. அந்தப் பட்டியலைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஆளுக்கொரு பிறந்தநாள், ஆளுக்கொரு நம்பர். எங்கள் நிஜ நோயாளிகளில் பாதிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள், கால்வாசிப் பேருக்கு ஒரே நம்பர். பொய் ஆட்கள் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறார்கள் என்று நான் கிண்டல் செய்தேன். இன்ஜினியரும் சிரித்தார். சிரித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, கேட்டார்.

"அக்கா, உங்க ரெகார்டுல இருக்கிற நம்பர் எல்லாம் பேஷண்ட்டோடதுதானே?"

மதியம் ஒன்றரை மணி. டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துவிட்டேன். மேனேஜர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பழைய பதிவுகள் அத்தனையையும் தோண்டி எடுத்து ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வார்கள். முகாமில் நான் செய்த வேலை வெளியே வரும். சால்வை கொடுத்தவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? நான் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?

"ஆமா மேடம்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு லேப்டாப்பில் தட்டினார். மாலையில் அதையே ஒரு மெயிலாகவும் அனுப்பினார். நம்பர்கள் நோயாளிகளுடையவை என்று பதிவுப் பிரிவு உறுதி செய்திருக்கிறது, சரிதானே என்று கேட்டிருந்தார். சரி என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் காய்கறி வாங்கினேன். மனசு கொஞ்சம்கூட உறுத்தவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் சில வாரங்கள் எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். தொரப்பள்ளியிலிருந்து ஒரு விவசாயி, இதய ஆபரேஷன் ஆன காகிதங்களை எல்லாம் மழையில் நனைய விட்டுவிட்டு வந்து நின்றார். தாசில்தார் கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டது. அவர் கம்ப்யூட்டர் இருக்கிற பக்கம் பார்த்துக் கும்பிட்டார். நானும் பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். வயர் லைனில் வேலை, ஊர் ஜவளகிரிப் பக்கம், கம்பெனிக்கு அருகில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். மூன்று நாளாகச் சளியும் காய்ச்சலும். பேரைத் தட்டியதும் முகாமில் போட்ட பதிவு திரையில் வந்தது.

"நம்பர் சொல்லட்டுங்களாக்கா? இன்னிக்கு போன் கைலயே இருக்குது" என்றாள்.

"வேணாம்மா, நம்பர் ஏற்கெனவே இருக்குது."

"சரிங்கக்கா."

பின்னால் இரண்டு பேர்தான் நின்றிருந்தார்கள். அவசரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பழைய ரிப்போர்ட்டை டாக்டர் பாக்கறதுக்கு சம்மதம் கேக்கும். கேட்டுதுன்னா ஓகே குடு" என்றேன்.

அவள் போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஒண்ணும் வரலியேக்கா."

அதற்குள் என் திரையில் சம்மதம் கிடைத்துவிட்டதாக வந்தது. "அதான் ஓகே ஆயிடுச்சே. போ, மூணாவது ரூம்" என்றேன்.

அவள் எதையும் அழுத்தவில்லை. அது என் கண் முன்னால் நடந்தது. யார் அழுத்தினார்கள் என்று ஒரு நொடி நின்று யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. கையில் தாசில்தார் எழுதிக் கொடுத்த பக்கம். அதை நாலாக மடித்து, மறுபடியும் மடித்து, உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் குனிந்து கேட்டாள்.

"அக்கா, இது எப்படி இங்க வந்துது? நான் கிருஷ்ணகிரியிலதானே காட்டிக்கிட்டிருந்தேன்."

நான் பெருமையாக விளக்கினேன். அவளுக்கு வலிப்பு இருந்தது. பதினேழு வயதில் ஆரம்பித்தது. நாலு வருடமாக ஒருமுறைகூட வரவில்லை, மாத்திரை விடாமல் சாப்பிடுகிறாள். காய்ச்சலுக்கு டாக்டர் எழுத நினைத்த மருந்து அந்த மாத்திரையோடு சேராதாம். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் எழுதியிருப்பேன் என்று டாக்டரே பிறகு என்னிடம் சொன்னார். அந்த வகையில் தாசில்தார் அவளுக்கு நல்லதுதான் செய்தது.

"வேற யாருக்கும் போவாதில்ல?" என்றாள். "ஹாஸ்டல்ல சத்து மாத்திரை டப்பாலதான் போட்டு வெச்சிருக்கறேன். கம்பெனில தெரிஞ்சா அன்னிக்கே அனுப்பிடுவாங்க. ஊருக்குப் போனா இதை மறைச்சி எவனுக்காவது கட்டிக் குடுத்துடுவாங்கக்கா. அதுக்கப்புறம் அந்த வீட்ல ஒரு நாளைக்கு வந்துச்சின்னா என்ன ஆவறது? அதுக்குத்தான் இந்த வேலையைப் புடிச்சிக்கிட்டு இருக்கறேன்."

"டாக்டருக்கும் உனக்கும்தான் தெரியும். தைரியமா போ" என்றேன்.

அப்படி அடித்துச் சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தாள். வேலை நாள். யூனிஃபார்ம் இல்லை, சுடிதாரில் இருந்தாள். வரிசையில் நிற்காமல் பக்கவாட்டில் வந்து நின்றாள்.

"கேட்ல கார்டு வெச்சா சிவப்பு லைட் எரியுதுக்கா. கான்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சின்னு சொல்றாங்க. என்கூட ஒண்ணா சேந்தவங்க எல்லாம் உள்ளதான் இருக்காங்க."

"ஏன், என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஹாஸ்டல்லதான் வார்டன் சொன்னாங்க, ரூம்ல மத்த பொண்ணுங்க பயப்படறாங்க, சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடுன்னு." அவள் அழவில்லை. "யாரோ சொல்லிட்டாங்க. இங்க ஒரு நர்ஸ் எங்க ஹாஸ்டல் தெருவுலதான் குடியிருக்காங்க. அவங்களாக்கா?"

"இரு, பாக்கறேன்" என்று சொல்லி, தாசில்தார் அனுப்பிய செய்திகளின் பட்டியலைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை, அவள் பெயருக்கு நேராக நல்ல தமிழில் மூன்று வரி. தங்கள் வலிப்பு நோய்க்கான மாத்திரையைக் காய்ச்சல் நாட்களிலும் நிறுத்த வேண்டாம். உயரமான இடங்களிலும் இயந்திரங்களின் அருகிலும் கவனமாக இருக்கவும். நலம் பெற வாழ்த்துகள். அனுப்பப்பட்டது, படிக்கப்பட்டது என்றும் இருந்தது. கீழே சூப்பர்வைசரின் நம்பர். எனக்கு மனப்பாடமான நம்பர். எத்தனை முறை நானே போன் போட்டிருக்கிறேன்.

நான்தான், நர்ஸ் இல்லை என்று அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். வாய் நீளம் என்று சொன்னேன் இல்லையா, அது அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. "டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கித் தரேன், நீ வேலைக்குத் தகுதின்னு எழுதித் தருவாரு. நானே சூப்பர்வைசரைப் பாத்துப் பேசறேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். ஒன்றும் அறியாத அந்த நர்ஸ்மேல் அவள் சந்தேகம் அப்படியே இருந்தது. அதைத் துடைக்கக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

டாக்டர் தயங்காமல் எழுதிக் கொடுத்தார். நாலு வருடமாக வலிப்பு இல்லை, உட்கார்ந்து செய்யும் வயர் வேலைக்கு எந்தத் தடையும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு மறுநாள் ஷிஃப்ட் முடியும் நேரத்துக்குக் கம்பெனி கேட்டுக்குப் போனேன். சூப்பர்வைசர் என்னைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டார். எதிரில் இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

"எனக்கென்ன மேடம், அந்தப் புள்ள மேல விரோதமா? நல்லா வேலை செய்யுத புள்ள. தெரியாம இருந்திருந்தா தெரியாமலே இருந்திருப்பேன். தெரிஞ்சு போச்சே. தெரிஞ்சும் மேல சொல்லாம இருந்து, நாளைக்கு லைன்ல விழுந்துட்டுதுன்னா என்னைத்தான கேப்பாவ?"

"சம்மதம் கேட்டு வந்ததுக்கு ஏன் சார் ஓகே குடுத்தீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்கதான மேடம் குடுக்கச் சொன்னீங்க."

அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைத் திறந்து என்னிடம் நீட்டினார். எங்கள் மருத்துவமனையின் செய்திகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒரு பெண்ணுக்குக் கரு ஆறு வாரம், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடவும். ஒருவருக்குச் சர்க்கரை அளவு அதிகம். இன்னொருவருக்கு வந்திருந்தது வெளியே சொல்லக் கூசுகிற வியாதி. துணைவரையும் பரிசோதனைக்கு அழைத்து வரவும் என்று இருந்தது. ஒவ்வொன்றின் முடிவிலும் நலம் பெற வாழ்த்துகள்.

"ஞாயித்துக்கிழம சர்ச்சில உக்காந்திருக்கேன், அப்பவும் வருது. எனக்கு எதுக்கு மேடம் இதெல்லாம் அனுப்புதீங்க? படிக்காமலும் இருக்க முடியல, படிச்சிட்டு அவங்க முகத்தப் பாக்கவும் முடியல. வேற எதையும் நான் யாருக்கிட்டயும் சொல்லல. இதை மட்டும்தான் சொன்னேன்."

அவர் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு, லெட்டரை வாங்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே போனார். அரை மணி நேரம் நின்றேன். திரும்பி வந்து, இப்போதைக்கு ஆள் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அன்று மாலையே மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஜினியருக்கும் போன் போட்டேன். தாசில்தார் செய்தி அனுப்புவதை உடனே நிறுத்தினார்கள். அன்று இரவுக்குள்ளேயே பதிவுப் பக்கத்தில் புதிதாக ஒரு கேள்வியும் சேர்த்தார்கள். இது யாருடைய நம்பர்? நோயாளியுடையது, உடன் வந்தவருடையது, வேறு ஒருவருடையது என்று மூன்று வட்டங்கள். முதல் வட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் மட்டும்தான் இனி ஏஜென்ட் சம்மதம் கேட்கும், செய்தி அனுப்பும். இவ்வளவு சின்ன வேலை. இன்ஜினியர் கோபப்படவில்லை. "நான் கேட்டப்போ சொல்லியிருக்கலாமே அக்கா. நீங்க சரின்னு மெயில் போட்டீங்களே" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். மேனேஜர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு எதையும் எழுத்தில் கொடுத்துவிடாதே.

சனிக்கிழமை காலை அவள் பையோடு வந்தாள். ஜவளகிரி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது, அதற்குள் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்திருக்கிறாள். பக்கத்து நாற்காலிப் பெண்ணைக் கவுண்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவளை மருந்தகத்துக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னேன். நர்ஸ் இல்லை. யாரும் சொல்லவில்லை. முகாமில் நான் போட்ட நம்பர், நான் சொன்ன பொய். எதையும் விடாமல் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். கத்துவாள், அறைவாள் என்று நினைத்தேன். அப்படிச் செய்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அன்னிக்கி என் நம்பர் சொல்லட்டுங்களான்னு கேட்டேனேக்கா" என்றாள்.

அவ்வளவுதான். எனக்குத்தான் கண்ணில் நீர் வந்தது. அவளுக்கு வரவில்லை.

டாக்டர் மாத்திரை எழுதினார். எக்காரணம் கொண்டும் நடுவில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ஆபத்து என்று மறுபடி மறுபடி சொன்னார். மாதா மாதம் நினைவுபடுத்தச் செய்தி போகிற மாதிரி பதிந்துவிடச் சொல்லி என்னிடம் அனுப்பினார். பழைய நம்பரை நான் ஏற்கெனவே அழித்திருந்தேன். அந்த இடம் காலியாக இருந்தது.

"நம்பர் சொல்லும்மா" என்றேன். இந்த முறை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"பேடக்கா" என்று கன்னடத்தில் சொன்னாள். கோபமோ துக்கமோ வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும் போலிருக்கிறது. வேண்டாம் என்று சொன்னவள், கொஞ்சம் நின்று தமிழில் சேர்த்தாள். "நம்பர் குடுக்க மாட்டேன். நம்பர் இல்லாம போடுங்க."

நம்பர் இல்லாமல் நகராது. பத்து இலக்கம் வேண்டும். எவ்வளவு சொல்லியும் அவள் அசையவில்லை, அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் என் சொந்த நம்பரைப் போட்டேன். புதிய கேள்வி வந்து நின்றது. இது யாருடைய நம்பர்? வேறு ஒருவருடையது என்று போட்டால் நினைவூட்டல் போகாது, மாத்திரை நின்றாலும் யாருக்கும் தெரியாது. நோயாளியுடையது என்ற வட்டத்தை அழுத்தினேன். அதே கேள்விக்கு இரண்டாவது தடவையும் பொய்தான் சொன்னேன்.

"என் நம்பரைப் போட்டிருக்கறேன்மா. மாத்திரை வாங்கற நாள் வந்தா எனக்குத்தான் வரும். உன் நம்பரைக் குடு, என் போன்ல மட்டும் வெச்சிக்கறேன். உனக்கு உடனே சொல்லிடறேன்."

"உங்க நம்பரை எழுதிக் குடுங்க. நானே கூப்பிடறேன்" என்றாள். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதையும் நாலாக மடித்து, மறுபடியும் மடித்து, பர்ஸில் வைத்துக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கூப்பிடவில்லை. முதல் மாதம் செய்தி என் போனுக்கு வந்தது. தங்கள் மாத்திரை வாங்கும் நாள் நெருங்குகிறது. இரண்டாவது மாதமும் வந்தது. மூன்றாவது மாதம் வேறு மாதிரி வந்தது. தளத்தில் இணைந்த எந்த மருத்துவமனையிலும் தாங்கள் மாத்திரை வாங்கியதாகப் பதிவு இல்லை. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எந்தக் கார்டும் காட்டாமல், எந்த நம்பரும் கேட்காத ஏதாவது மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்கிறாள் என்று சொல்லி என்னை நானே தேற்றிக்கொண்டேன். அவள் கெட்டிக்காரி, அப்படித்தான் செய்வாள் என்று நினைப்பேன். அடுத்த நிமிடம் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால், புகுந்த வீட்டில் அந்த டப்பாவை எங்கே ஒளித்து வைப்பாள் என்று மனசு போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தளி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி ஜவளகிரியில் போய் இறங்கினேன். பதிவில் இருந்த முகவரி கம்பெனியின் முகவரி. அதையும் முகாமில் நான்தான் எல்லோருக்கும் ஒன்றாகப் போட்டிருந்தேன். பெயரும் ஊர்ப் பக்கமும் மட்டும்தான் கையில் இருந்தது. பஸ் நிற்கிற இடத்தில் இருந்த பெட்டிக்கடையில் ஒரு அம்மா இருந்தார். அவள் பெயரைச் சொல்லி விசாரித்தேன். ஓசூரில் கம்பெனியில் வேலை பார்த்த பெண்தானே என்று உடனே கேட்டார். தெரியும் போலிருந்தது. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

"யாக்கம்மா? நீங்க யாரு? எங்கிருந்து வரீங்க?" என்றார். கடையில் இன்னும் மூன்று பேர் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதற்கு என்று கன்னடத்தில் கேட்டவருக்கு நான் என்ன சொல்வது? ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றால், அந்தப் பெண்ணைத் தேடி ஆஸ்பத்திரியிலிருந்து எதற்கு ஆள் வருகிறது என்று ஊரே கேட்கும். தோழி என்றால், தோழிக்கு வீடு தெரியாதா என்பார்கள். கூட வேலை பார்த்தவள் என்று சொல்லலாம். சொல்லியிருந்தால் அந்த மூன்று பேரில் ஒருவர் என்னை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டு, நான் என்ன பேசுகிறேன் என்று நின்று கேட்டிருப்பார். ஓசூரில் அவள் ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாதவள், ஜவளகிரியில் காப்பாற்றுவேன் என்று என்னையே என்னால் நம்ப முடியவில்லை.

"ஒண்ணும் இல்லம்மா, வேற யாரோன்னு நெனச்சிட்டேன்" என்று சொல்லி ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஏறினேன்.

இந்த வாரம் மறுபடியும் செய்தி வந்திருக்கிறது. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறீர்களா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2. மூன்று நாளாகப் பதில் போடாமல் வைத்திருக்கிறேன். ஒன்று என்று போட்டால் அது என் மூன்றாவது பொய். இரண்டு என்று போட்டால் தாசில்தார் விடாது, உடனே டாக்டருக்குச் சொல்லும். டாக்டர் பதறிப்போய் நோயாளியைக் கூப்பிடச் சொல்வார். பக்கத்து நாற்காலிப் பெண் பதிவைத் திறந்து, நான் சொல்லிக்கொடுத்த அதே வேகத்தில் நம்பரைத் தட்டுவாள். காலடியில் இருக்கிற என் பைக்குள் போன் அடிக்கும்.